நுவரெலியாவுக்கு ஏறும் வானும் ஒரு விமானம்தான்: மலையகத்திலிருந்து சுழியோடப் போகிறவர்களுக்கு

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்திருந்த சித்தப்பா மகன், சாப்பிட்ட கை காயுமுன்னே போனை நீட்டினான். மே மாதம் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோடப் பழகப் பணம் கட்டிவிட்டானாம்.

"அண்ணே, கையில கட்டுற கம்பியூட்டரே எவ்வளவு ஆழம், இன்னும் எத்தன நிமிசம் கீழ இருக்கலாம்னு எல்லாத்தையும் சொல்லிருதாம். பெறகு எதுக்கு அந்தக் காலத்து டேபிள்? எங்க மாஸ்டரே அது கட்டாயமில்லன்னுட்டாரு."

சுழியோட்டம் பழக்கும் அந்த மாஸ்டர் சொன்னதில் பிழையில்லை. பெரிய பயிற்சி நிறுவனங்கள் பலவும் ஆரம்ப வகுப்பில் அட்டவணையை, அதாவது எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டும் அட்டையை, விருப்பத்துக்கு விட்டுவிட்டு, டைவ் கம்பியூட்டரையே சொல்லிக்கொடுக்கின்றன.

"நீ நிலாவெளிக்காரனா இருந்தா அவர் சொன்னது போதும்டா தம்பி. நீ தலவாக்கலைக்காரன்" என்றேன்.

அவனுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் விளங்காமல்தான் இருந்தது. ஒரு சனியும் ஞாயிறும் நிலாவெளியில் நான்கு தடவை இறங்கினேன். ஆகக்கூடிய ஆழம் 22 மீற்றர். கம்பியூட்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மேலே வந்த வேகமும் சரி, வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தமும் சரி. ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு வான் ஏறினேன். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனையில் இடது முழங்கை வலிக்கத் தொடங்கியது. ஜன்னல் ஓரத்தில் கையை மடக்கிவைத்துத் தூங்கியதால்தான் என்று நினைத்தேன். ஹட்டனில் அன்றிரவு தூக்கமே இல்லை. ஆஸ்பத்திரியில் வலிக் குளிசையும் பூசுமருந்தும் கொடுத்தார்கள். எங்கே போய்வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடிந்த பிறகு மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். "உடனே ஒட்சிசன் பிடி, கீழே இறங்கு, சுழியோடினதை டொக்டர்கிட்டச் சொல்லு" என்றார். அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அரை நாள் முகமூடியோடு கிடந்தேன். வலி மெல்லக் கரைந்தது. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

நான் கட்டியிருந்த கம்பியூட்டர் வாடகைக்கு எடுத்தது. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். விமானப் படம் ஒன்றைக் குறுக்கே கோடு போட்டுக் காட்டிக்கொண்டு, 'பறக்காதே' என்று அது கடை ஆணியில் தொங்கியபடியே எனக்காகக் கண் சிமிட்டியிருக்கும். நானோ வானில் ஏறி மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழில் 'வான்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அன்றுதான் உறைத்தது.

இனி வருவது, தம்பிக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியது. வகுப்புக்கு இது பதிலாகாது. வகுப்புக்குப் போகிற மலைநாட்டு ஆளுக்குக் கரையோரத்து வகுப்பு சொல்லாமல் விடக்கூடிய சங்கதி இது.

முதலில் மிக்சர் பைக்கட்டைப் பாருங்கள்

கண்டியில் வாங்கிய மிக்சர் பைக்கட் றம்பொடையைத் தாண்டும்போது தலையணைபோல உப்பியிருக்கும். காதும் அடைத்துத் திறக்கும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அமுக்கம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. அமுக்கத்தை அளக்கும் அலகு பார். கடல் மட்டத்தில் அமுக்கம் ஏறத்தாழ 1 பார். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம், அங்கே 0.87 பார் அளவுதான். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 0.8. நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது.

கடலுக்குள் இது தலைகீழ். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு பார் கூடும். 10 மீற்றரில் 2 பார், 20 மீற்றரில் 3 பார். சிலிண்டரிலிருந்து இழுக்கும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நெஞ்சுக்குள் போகிறது. அந்தக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடம்பு அதை எரிப்பதில்லை; இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் அது கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் வந்த வழியே மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டு வந்தாலோ, அளவுக்கு மேல் சேர்த்துக்கொண்டு வந்தாலோ குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி, முள்ளந்தண்டில் வந்தால் கால் விளங்காமல் போகலாம். சுழியோடிகள் இதைப் பெண்ட்ஸ் என்பார்கள். வடக்கிலும் மேற்கிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறவர்கள் மத்தியில் இதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கடலை விட்டு வெளியே வந்ததும் 'மேலே வருவது' முடிந்துவிட்டது என்று கரையோரத்து ஆள் நினைக்கலாம். நமக்கு இன்னும் 1,868 மீற்றர் பாக்கி இருக்கிறது.

பென்சிலோடு இரண்டு மாலை

கம்பியூட்டர் வாங்குமுன் அட்டவணையை எடுங்கள். பிளாஸ்டிக் பூசிய ஒரு அட்டைதான், இரண்டு பக்கம். 1988இல் பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி நிறுவனம் வெளியிட்ட பொழுதுபோக்குச் சுழியோட்ட அட்டவணைதான் அதிகம் புழங்குவது. இங்கே வரும் எண்களும் அதிலிருந்துதான். வேறு நிறுவன அட்டவணை கையிலிருந்தால் அதையே முழுதாகப் பாவியுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். ஒன்றின் 'பி' எழுத்து இன்னொன்றின் 'பி' ஆகாது.

அட்டைக்குள் மூன்று பெட்டி.

முதல் பெட்டி, ஒரு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால் இடையில் நிற்காமல் நேரே மேலே வரலாம் என்பதைச் சொல்லும். 12 மீற்றரில் 147 நிமிடம், 14இல் 98, 16இல் 72, 18இல் 56, 22இல் 37, 30இல் வெறும் 20. இந்த ஆறு எண்ணையும் மனப்பாடம் செய்யுங்கள். வாய்ப்பாடு படித்த நமக்கு இது பெரிய விசயமில்லை. 12இலிருந்து 18க்கு, ஆறே மீற்றர் வித்தியாசத்தில், நேரம் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். இந்தச் சரிவு கண்ணில் படிந்துவிட்டால் அட்டவணை படித்ததன் பாதி பலன் வந்துவிட்டது.

ஆழம் 17 மீற்றர் என்றால் 18ஆம் வரிசையைப் பாருங்கள். நேரத்தையும் அப்படியே கூட்டித்தான் எடுக்க வேண்டும். 18 மீற்றரில் 40 நிமிடம் இருந்தீர்களா? 40 என்று பெட்டியில் இல்லை, 41 இருக்கிறது, அதற்கு நேரே ஒரு எழுத்து இருக்கும். இப்போது உங்கள் உடம்பில் உள்ள நைதரசன் சுமைக்கு அந்த எழுத்துத்தான் பெயர். 'ஏ' என்றால் இலேசு, 'இசட்' என்றால் மூட்டை நிறைய.

இரண்டாவது பெட்டி, மேலே வந்து ஓய்வெடுத்த நேரத்துக்கு அந்த எழுத்து எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டும். இந்த அட்டவணையின் கணக்கில் சுமை மணிக்கு மணி பாதியாகும். ஆறு மணித்தியாலம் போனால் சிலேட்டைத் துடைத்துவிடும். இந்த ஆறு மணித்தியாலம் அடுத்த தடவை கடலில் இறங்குவதற்கான கணக்கு மட்டும். மலை ஏறுவதற்கு இதை எடுத்துவிடாதீர்கள். அதற்கு வேறு கணக்கு உண்டு, கீழே வருகிறது.

மூன்றாவது பெட்டிதான் புதியவர்களைக் குழப்புவது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டு எண். ஒன்று ஏற்கெனவே செலவழிந்துவிட்ட நிமிடம், மற்றது மிச்சமுள்ள நிமிடம். இரண்டையும் கூட்டினால் அந்த ஆழத்தின் முழு எல்லை வரும். இரண்டாம் தடவை 16 மீற்றருக்குப் போகிறீர்கள், கட்டத்தில் செலவு 27 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 72இல் 27 போக மிச்சம் 45. நீங்கள் 35 நிமிடம் இருந்துவிட்டு வந்தால், அட்டவணைக்கு அது 35 அல்ல, 62. கடையில் பற்றுக்கொப்பி பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழைய பாக்கியைக் கூட்டாமல் புதுக் கணக்கு எழுத எந்த முதலாளியும் விடமாட்டார்.

ஒரு மாலைக்கு ஐந்து கணக்கு, இரண்டு மாலைக்குப் பத்து. இறங்கும் ஆழத்தையும் ஓய்வையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

அட்டவணை எங்கே கஞ்சத்தனம் காட்டும்

அட்டவணைக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் தொட்ட ஆகக்கூடிய ஆழத்திலேயே முழு நேரமும் இருந்ததாகத்தான் அது எழுதிக்கொள்ளும். 22 மீற்றருக்குப் போய் ஐந்து நிமிடம் ஒரு திருக்கையைப் பார்த்துவிட்டு, மீதி 35 நிமிடத்தையும் 12 மீற்றரில் பவளப்பாறைக்கு மேலே கழித்தீர்கள் என்றால், அட்டவணைக்கு அது 22 மீற்றரில் 40 நிமிடம். எல்லை 37. "மீறிவிட்டாய்" என்று சொல்லிவிடும். உண்மையில் உங்கள் உடம்பில் சேர்ந்தது அவ்வளவு இல்லை.

கம்பியூட்டர் கெட்டித்தனம் காட்டுவது இங்கேதான். சில வினாடிக்கொரு தடவை ஆழத்தைப் பார்த்து, அந்தந்த ஆழத்துக்கு அந்தந்த நேரம் என்று கணக்கெழுதும். நீங்கள் மேலே வர வர மிச்ச நிமிடம் கூடிக்கொண்டே போவதைத் திரையில் பார்க்கலாம்.

இரண்டுக்கும் ஒரே தாத்தா. 1908இல் பிரித்தானியாவில் ஹோல்டேன் என்ற உடற்றொழிலியலாளர், ஆடுகளை அமுக்க அறைக்குள் வைத்துச் சோதித்து, கடற்படைக்காக முதல் அட்டவணையைத் தயாரித்தார். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைதரசனை எடுப்பதில்லை, விடுவதும் இல்லை என்பது அவர் கண்ட சூட்சுமம். உடம்பை ஐந்து பகுதியாகப் பிரித்தார். ஆக மெதுவான பகுதி பாதி நிறைய 75 நிமிடம். பிற்காலத்தில் சுவிற்சர்லாந்தின் பூல்மன் அதைப் பதினாறாக்கினார். மலைநாட்டு மனிதர் என்பதாலோ என்னவோ, மலை ஏரிகளில் சுழியோடுவதைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தார். அவருடைய பதினாறில் ஆக மெதுவானது பாதி நிறையவும் பாதி வெறுமையாகவும் 635 நிமிடம், அதாவது பத்தரை மணித்தியாலம். இன்று விற்கும் கம்பியூட்டர்களில் பெரும்பகுதி அவர் கணக்கையோ அதன் உறவுக்காரக் கணக்கையோதான் ஓட்டுகிறது. அந்த 635ஐ ஞாபகத்தில் வையுங்கள்.

கம்பியூட்டரைக் கட்டும்போது

கேட்டால் நான் சொல்வது: நீருக்குள் கம்பியூட்டரை நம்புங்கள். அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இன்று யாரும் சுழியோட வேண்டியதில்லை. ஆனால் திரையில் வரும் எண் சரியா பிழையா என்று மனது சொல்லும் அளவுக்கு அட்டவணை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். சாக்கைத் தூக்கித் தலையில் வைக்கும்போதே இன்றைக்குப் பதினெட்டுக் கிலோ தேறும் என்பார். தராசடியில் பதினாலு என்று விழுந்தால், சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று அந்த இடத்திலேயே கேட்பார். தராசு இல்லாமல் பேர், அதாவது நாட்கூலி, விழாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தராசு சொன்னதுதான் நிறை என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை; அவர் கழுத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. கம்பியூட்டர் தராசு. அட்டவணை அந்தக் கழுத்து.

திரையில் மூன்று எண்ணைப் பழகினால் ஆரம்பத்துக்குப் போதும்: இப்போதைய ஆழம், இறங்கி எத்தனை நிமிடம், நிற்காமல் மேலே வர இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம். மூன்றாவது எண் பத்துக்குக் கீழே வந்தால் மேலே நகரத் தொடங்குங்கள். பூச்சியம் வரும்வரை காத்திருப்பது துணிச்சல் அல்ல. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றரைத் தாண்டக்கூடாது. 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள், அவசியமோ இல்லையோ.

முதல் பத்துத் தடவைகளில் இந்த மூன்றாவது எண் உங்களைப் பெரிதாக மிரட்டாது. 12 லீற்றர் சிலிண்டரை 200 பாரில் நிரப்பி 12 மீற்றரில் போனால், புதியவருக்கு நாற்பது நிமிடத்துக்குள் காற்று முடிந்துவிடும். 147 நிமிட எல்லை எங்கேயோ இருக்கிறது. "இதுக்கு எதுக்குக் கணக்கு" என்ற அலட்சியம் அப்போதுதான் வருகிறது. ஒரே நாளில் மூன்று, அடுத்த நாள் இரண்டு என்று அடுக்கும்போது பாக்கி சேர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை.

வாடகைக் கருவிதான் பெரிய பொறி. அது தன்னைக் கட்டியிருக்கும் கையின் கணக்கை மட்டுமே எழுதும். காலையில் வேறொருவர் கட்டி இறங்கிய கருவியை மாலையில் நீங்கள் கட்டினால், அவருடைய நைதரசனை உங்கள் தலையில் எழுதி வீணாக நேரத்தைக் குறைக்கும். அது பரவாயில்லை. ஆபத்து இதன் மறுபக்கம். சனி ஒரு கருவியோடு இறங்கினீர்கள், ஞாயிறு கடையில் வேறொன்றைத் தருகிறார்கள். அதற்கு நீங்கள் இன்றுதான் பிறந்த பிள்ளை, நேற்றைய பாக்கி எதுவும் தெரியாது. எனக்கு அந்த ஞாயிறு நடந்தது அதுவேதான். அட்டவணை தெரிந்திருந்தால் சனி மாலையே கொப்பியில் எழுத்தைக் குறித்திருப்பேன், ஞாயிறு திரை காட்டிய தாராளத்தைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

அதனால் சுழியோட்டச் சாமான்களில் முதலாவதாகச் சொந்தமாக வாங்க வேண்டியது கம்பியூட்டர்தான். முகமூடி, துடுப்புச் செருப்பு எல்லாம் பிறகு. விலை கூடியது வேண்டாம், பெரிய எழுத்தில் தெரிகிற சாதாரணமானது போதும். நண்பனோடு பங்கு போட்டுக் கட்டலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். இருவருக்கு ஒரு கம்பியூட்டர் என்பது ஒருவர் சாப்பிட்டு மற்றவர் பசியாறுவது மாதிரி.

வாங்கியதும் உயர அமைப்பைப் பாருங்கள். சில கருவிகள் வெளியமுக்கத்தைத் தாமாகவே அளந்துகொள்ளும். சிலவற்றில் நாம்தான் தெரிவு செய்ய வேண்டும்: 0 முதல் 300 மீற்றர், 300 முதல் 1,500, 1,500 முதல் 3,000 என்று படி இருக்கும். ஹட்டனில் பெட்டியைப் பிரித்து விளையாட்டாக மாற்றிவைத்துவிட்டு நிலாவெளிக்குப் போனால் அது தேவையில்லாமல் நேரத்தைச் சுருக்கும். கடலில் இறங்குமுன் கீழ்ப்படியில் இருக்கிறதா என்று பாருங்கள், மின்கல அடையாளத்தையும் அப்போதே பாருங்கள்.

இறங்கிய இடத்தில் திரை செத்துப்போனால் நண்பனின் கருவியை எட்டிப் பார்த்துக்கொண்டு தொடர வேண்டாம். கையைக் காட்டுங்கள், மெதுவாக ஏறுங்கள், 5 மீற்றரில் நில்லுங்கள், வெளியே வாருங்கள். 24 மணித்தியாலம் கடல் பக்கம் பாராதீர்கள். ஒரு சாதாரண ஆழமானியும் கைக்கடிகாரமும் கூடவே இருந்து, அட்டவணைக் கணக்கும் கொப்பியில் ஏறியிருந்தால் நிலைமை வேறு. எங்கே நிற்கிறோம் என்பதாவது தெரியும்.

இனி வீட்டுக்குப் போகும் கணக்கு

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். இது நமக்கென்றே உள்ளது.

சுழியோடிவிட்டு விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்குச் சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்பான டான் (DAN) ஒரு வழிகாட்டல் வைத்திருக்கிறது. நிறுத்தமில்லாத ஒரே ஒரு தடவை என்றால் குறைந்தது 12 மணித்தியாலம். ஒரு நாளில் பல தடவையோ, பல நாளோ என்றால் குறைந்தது 18. இடையில் நின்று ஏற வேண்டிய ஆழமான இறக்கம் என்றால் 18ஐ விடக் கணிசமாகக் கூட. இது 600 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமான அமுக்கத்துக்குச் சொன்னது, விமானத்தின் உள்ளே இருக்கும் அமுக்கம் அந்த எல்லைக்குள்தான் வரும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, அப்புத்தளை என்று எல்லாமே அந்த எல்லைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. கம்பியூட்டரின் விமானப் படம் நமக்கு வான், பஸ், ரயில் மூன்றும்தான்.

ஏன் அவ்வளவு நேரம் என்றால், அந்த 635 நிமிடம். வேகமான பகுதிகள் சாப்பாட்டு நேரத்துக்குள் இறக்கிவைத்துவிடும். மெதுவானவை இரவெல்லாம் சுமந்துகொண்டிருக்கும்.

இங்கே பாதையும் முக்கியம், போய்ச் சேரும் ஊர் மட்டும் அல்ல. பதுளை 680 மீற்றர்தானே என்று பதுளைக்காரர் ஆறுதல் அடையலாம். ஆனால் இக்கடுவையில் சுழியோடிவிட்டுக் கொழும்பில் இரவு ரயில் ஏறினால் பதுளைக்கு இறங்குமுன் பட்டிப்பொலவுக்கு ஏற வேண்டும். நாட்டின் ஆக உயரமான அந்த ரயில் நிலையம் கிட்டத்தட்ட 1,898 மீற்றரில் இருக்கிறது. அதே ஆள் பாசிக்குடாவில் சுழியோடிவிட்டு மகியங்கனை வழியாக வந்தால் பட்டிப்பொல பக்கமே போக வேண்டியதில்லை.

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். 600க்குக் கீழேதான். ஆனாலும் அட்டவணை 300 மீற்றருக்கு மேலேயே உயரமான இடம் என்று கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறது. கண்டி நண்பர்கள் என்னை எல்லை கடந்த பயந்தாங்கொள்ளி என்பார்கள். இருந்தாலும் நான் அங்கேயும் அவசரப்பட்டு ஏறுவதில்லை.

செய்ய வேண்டியது இது. கடைசியாகத் தண்ணீரை விட்டு எழுந்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். 18ஐக் கூட்டுங்கள். அந்த நேரத்துக்கு முன் மலையடிவாரத்தைத் தாண்டாதீர்கள். திருகோணமலையிலிருந்து வருகிறவர்களுக்கு அபரணையும் தம்புள்ளையும் பதிந்த நிலம், அங்கே இரவு தங்கலாம். மட்டக்களப்பு, பாசிக்குடா பக்கத்திலிருந்து வந்தால் மகியங்கனை. அதற்குப் பிறகுதான் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவு. அறுகம்பை பக்கத்திலிருந்து எல்ல, பண்டாரவளைக்கு ஏறுகிறவர்களுக்கு வெல்லவாய. தென்மேற்கிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிறவர்களுக்கு அவிசாவளை.

வேலைக்குப் போகிற நமக்கு இது நாட்கணக்கைத் தின்னும். திங்கள் காலை ஹட்டனில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், சனி மதியத்தோடு கடலை முடித்துக்கொள்ளுங்கள். சனி பன்னிரண்டுக்குக் கரையேறினால் ஞாயிறு காலை ஆறுக்கு 18 முடிகிறது. அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். ஞாயிறு இன்னொரு தடவை இறங்குவோம் என்று மாஸ்டர் ஆசை காட்டுவார். அவர் வீடு பத்து மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் கோணேசர் கோயிலுக்குப் போங்கள், கன்னியா வெந்நீரூற்றில் குளியுங்கள், வீட்டுக்குக் கருவாடு வாங்குங்கள். கருவாட்டோடு வானில் ஏறினால் மற்றவர்கள் திட்டுவார்கள், அது வேறு கதை.

வரும் வழி பற்றியும் ஒரு சந்தோசம் உண்டு. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும்போது நாம் கரையோரத்து ஆளை விடக் கொஞ்சம் குறைவான நைதரசனோடுதான் போய்ச் சேர்கிறோம். பெரிய இலாபம் இல்லை, அட்டவணையும் அதற்கு ஒரு நிமிடம்கூடச் சேர்த்துத் தராது. ஆனால் நட்டமும் இல்லை.

மவுசாக்கலையில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

கேட்காமல் இருக்கமாட்டீர்கள். வரட்சியில் மவுசாக்கலை வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுவதை ஒருதரம் பார்த்துவிட்ட எவருக்கும் அந்த ஆசை வரும். எனக்கும் வந்தது. அனுமதி விசயம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கை மட்டும் பாருங்கள். அந்த நீர்த்தேக்கம் ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே ஏறி நிற்கும்போது தலைக்கு மேலுள்ள காற்று கடலோரத்தைவிடக் குறைவு. கடல்மட்ட அட்டவணையை அப்படியே பாவித்தால் பிழைக்கும். உண்மை ஆழத்தை அந்த இடத்து அமுக்கத்தால் வகுத்துத்தான் அட்டவணைக்குள் போக வேண்டும். அமுக்கம் 0.87 என்றால் 18 மீற்றர் கிட்டத்தட்ட 21 மீற்றராகிவிடும். உயரத்தைத் தானாக அளக்காத கருவி கீழ்ப்படியில் கிடந்தால் அதுவும் அதே பிழையைத்தான் செய்யும். உயரமான இடத்தில் சுழியோடத் தனிப் பயிற்சி இருக்கிறது. ஆரம்ப வகுப்புச் சான்றிதழோடு இறங்கும் இடம் அதுவல்ல. மட்டக்களப்புக் கல்லடிக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய ஹேர்மிஸ் கப்பலும் அப்படித்தான். ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம். உங்கள் முதல் சான்றிதழின் எல்லை 18.

உடம்பு ஏதாவது சொன்னால்

மூட்டு வலி, தோலில் அரிப்பு அல்லது புள்ளி, காரணமில்லாத அசதி, கால் மரத்தல், தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை. இவற்றில் எது வந்தாலும், சுழியோடி 24 மணித்தியாலத்துக்குள் என்றால் தசைப்பிடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வான் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஏறுவதை விடுங்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஒட்சிசன் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பெண்ட்ஸுக்குச் சிகிச்சை தரும் அமுக்க அறை எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும் என்பதைச் சுழியோட இறங்குமுன்னே கடையில் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். முகம் சுளிக்கும் கடையானால் வேறு கடை பாருங்கள்.

மலையக ஆஸ்பத்திரிகளில் சறுக்கி விழுந்தவர்களையும் குளவி கொட்டியவர்களையும் நாள்தோறும் பார்க்கிறார்கள். சுழியோடியைப் பார்த்திருக்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால்தான் தெரியும். கடைசியாக எழுந்த நேரம், எத்தனை தடவை, ஒவ்வொன்றின் ஆழமும் நிமிடமும், பிறகு எவ்வளவு உயரத்துக்கு எத்தனை மணிக்கு ஏறினீர்கள். டொக்டர் கேட்கப்போவது இவ்வளவும்தான், இவ்வளவும் அட்டவணைக் கொப்பியில் ஒரே வரியில் இருக்கும். தம்பி இதைக் கேட்டுவிட்டு, கொப்பிக்கு ஹட்டனில் பிளாஸ்டிக் உறை கிடைக்குமா என்றான். பள்ளிக்கூடப் பொருள் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும், மழைக்கு நாம் எல்லாவற்றுக்கும் அதைத்தானே போடுகிறோம்.